பறவைகளுக்கும் பங்குண்டு!
(ஜும்ஆ உரை)

புகழ் யாவும் வானங்களையும் பூமியையும் கடலையும் படைத்து, அவற்றில் வாழும் ஒவ்வோர் உயிருக்கும் உணவளித்து வரும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தாருக்கு அருட்கொடையாய் வந்த அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக! ஆமீன்.

  

இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் இல்லை. நாமக்கல்லிலிருந்து கோடியக்கரைக்குச் சாலை வழியே இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. அவ்வாறிருக்கக் கடற்பறவைகளைப் பற்றி இங்கே ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டு அடுப்பில் வேகும் முட்டைக்கும், பனிக்காலத்தைக் கழிக்கக் கோடியக்கரைக்கு வரும் பறவையின் பசிக்கும் ஓர் உறவு உண்டு. உறவு உள்ள இடத்தில் பொறுப்பு உண்டு. பொறுப்பு உள்ள இடத்தில் மறுமையில் கேள்வியும் உண்டு. ஆகவேதான் இந்தப் பேச்சு.

அவையும் சமுதாயங்களே

திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம் 38ஆம் வசனத்தில், பூமியில் நடமாடும் உயிரினங்களும் இரு சிறகுகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை அல்லாஹ் நமக்கு அறிவிக்கிறான். ‘உம்மத்’ என்று நம்மை நாம் பெருமையோடு அழைத்துக்கொள்கிறோம். அதே சொல்லின் பன்மையைத்தான் இறைவன் பறவைகளுக்கும் அங்கே பயன்படுத்தியுள்ளான். அந்நூர் அத்தியாயம் 41ஆம் வசனமோ, சிறகு விரித்துப் பறக்கும் பறவைகளும் இறைவனைத் துதிக்கின்றன என்றும், ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்தே இருக்கிறது என்றும் உணர்த்துகிறது.

அன்பர்களே! துதிக்கும் நாவு ஒன்று குறைந்தால், அது யாருடைய செயலால் குறைந்தது என்று அதனைப் படைத்தவன் கேட்க மாட்டானா? ஒரு சிட்டுக்குருவியையோ, அதனினும் பெரியதையோ உரிய காரணமின்றிக் கொன்றவர் அதற்காக அல்லாஹ்விடம் விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் நஸாயீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அதற்குரிய உரிமை யாதெனத் தோழர்கள் வினவியபோது, அறுத்து உண்பதே அன்றி, தலையைத் துண்டித்து வீசி எறிவதன்று என்ற விளக்கமும் கிடைத்தது. தேவைக்கு எடுப்பது வேறு. வீணே அழிப்பது வேறு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முட்டை வந்த வழி

1997 ஜனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது நாமக்கல். அதற்கு முன்பிருந்தே இவ்வட்டாரம் முட்டைக்குப் பெயர் பெற்றது. மழை குறைந்த இந்த மேட்டு நிலத்தில், உழவு கைவிட்ட பல குடும்பங்களைக் கோழி காப்பாற்றியது. இங்கிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டைகள் புறப்படுகின்றன. பள்ளிச் சத்துணவுக் கூடங்களுக்கும் கேரளத்திற்கும் கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கும் அவை போகின்றன. ஏழைக் குழந்தைக்கு மலிவான புரதம் தரும் தொழில் இது. இதனைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று.

அந்த முட்டையை இடும் கோழி எதை உண்கிறது? மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, எண்ணெய் நீக்கிய தவிடு, கிளிஞ்சல் ஆகியவற்றோடு, புரதத்திற்காகக் கருவாட்டுத் தூளும் மீன்தூளும் தீவனத்தில் சேர்க்கப்படுவதுண்டு. எல்லாப் பண்ணைகளிலும் இது இல்லை. சோயாவை மட்டுமே நம்பும் பண்ணைகளும் உள. ஆயினும் சோழமண்டலக் கரையிலும் பாக் நீரிணையிலும் பிடிபடும் பொடி மீன்கள் வெயிலில் உலர்த்தப்பட்டு, மூட்டைகளாக லாரியேறி நம் பகுதிக்கு வருவது பல்லாண்டு வழக்கம். கடற்கரை மக்கள் இந்த மீனைச் ‘சங்காயம்’ என்பார்கள். மனிதர் வாங்கி உண்ணாத சிறு மீனும், இன்னும் வளராத மீன் குஞ்சும், நண்டும் நத்தையும் கலந்த குவியல் அது.

விசைப்படகின் இழுவைமடி ஒரு பெரிய பை போன்றது. கடலின் தரையோடு அதனை இழுத்துச் செல்வார்கள். இறாலைத் தேடிப் போனாலும், வழியில் உள்ளவை யாவும் அந்தப் பைக்குள் சேர்கின்றன. முற்காலத்தில் விலைபோகாதவற்றைக் கடலிலேயே கொட்டிவிடுவது வழக்கம். கோழித் தீவனத்திற்கும் மீன்தூள் ஆலைகளுக்கும் தேவை பெருகியபோது, கொட்டப்பட்டதற்கும் விலை வந்தது. விலை வந்ததும் அது கரை சேர்ந்தது. சோழமண்டலக் கரை விசைப்படகுகளைப் பற்றி 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கவலை தரும் உண்மை ஒன்றைச் சுட்டியது. நல்ல மீன் குறைந்தால் படகுக்கு நட்டம் வரும். நட்டம் வந்தால் படகு நிற்கும். படகு நின்றால் கடல் மூச்சுவிடும். இது இயல்பான தடுப்பு. ஆனால் சங்காயத்திற்குக் கிடைக்கும் காசு அந்தத் தடுப்பை நீக்கிவிடுகிறது. நல்ல மீன் தீர்ந்த பின்னும், எஞ்சிய குஞ்சுகளை அள்ளியே படகு ஓடிக்கொண்டிருக்க முடிகிறது.

பனிக்கால விருந்தாளிகள்

இனி அந்தக் கடலின் மேல் பறப்பவற்றைப் பார்ப்போம்.

லடாக்கிலும் திபெத்திலும் மத்திய ஆசியாவிலும் உள்ள உயரமான ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பழுப்புத் தலைக் கடற்காகம், அங்கே நீர் உறையத் தொடங்கும்போது தெற்கே புறப்படுகிறது. நம் கரைக்கு வந்து சேரும்போது அதன் தலையின் பழுப்பு நிறம் நீங்கி வெண்மையாகியிருக்கும்; கண்ணுக்குப் பின்னே ஒரு கருந்திட்டு மட்டும் நிற்கும். பவளச் சிவப்பு அலகு கொண்ட காஸ்பியன் ஆலாவும், பருத்த கரிய அலகு கொண்ட ஆலாவும், கொண்டை ஆலாக்களும் கோடியக்கரையிலும் தனுஷ்கோடி மணல் திட்டுகளிலும் பழவேற்காட்டிலும் பனிக்காலத்தில் கூடுகின்றன. 1967இல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2025 ஜூன் மாதத்தில் தனுஷ்கோடியும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தங்கும் இடத்தைக் காக்கச் சட்டம் உண்டு. ஆனால் விருந்தாளிக்குப் பாய் விரித்துவிட்டு, சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்தால் அது என்ன விருந்தோம்பல்?

ஆலா ஆழத்தில் மூழ்கும் பறவை அன்று. மேலிருந்து அம்புபோல் இறங்கி, நீரின் மேல்மட்டத்தில் உள்ள நெத்திலி, சாளை போன்ற சிறு மீன்களை மட்டுமே அதனால் கொத்த முடியும். சூரை போன்ற பெருமீன்கள் கீழிருந்து விரட்டும்போது சிறு மீன்கள் கூட்டமாக மேலே வரும். அந்த இடத்தில்தான் ஆலாக்கள் திரளும். மீனவர்கள் பறவைக் கூட்டத்தைப் பார்த்தே மீன் இருக்கும் இடத்தை அறிவார்கள். பெருமீனுக்கும் சிறுமீனுக்கும் பறவைக்கும் மீனவனுக்கும் இடையே எத்தகைய நுட்பமான கணக்கை வல்ல ரஹ்மான் அமைத்திருக்கிறான், பாருங்கள்! அர்ரஹ்மான் அத்தியாயத்தில் அவன் ‘மீஸான்’ என்னும் தராசைப் பற்றிக் கூறி, அதில் வரம்பு மீற வேண்டாம் என்று எச்சரிப்பது வணிகரின் தட்டுக்கு மட்டும் உரியது அன்று.

இந்தத் தராசு மூன்று வகைகளில் சாய்கிறது. முதலாவது, இரை குறைவது. சுருக்குமடி மேல்மட்டத்துச் சாளைக் கூட்டத்தை முழுமையாகச் சுற்றி வளைக்கிறது. இழுவைமடி தரையை வாரி, நாளைய மீனை இன்றே எடுத்துவிடுகிறது. கடற்காகத்துக்கும் ஆலாவுக்கும் பனிக்காலம் ஓய்வுக்காலம் மட்டுமன்று. இமயத்தைத் தாண்டித் திரும்பிப் பறக்க வேண்டியவை இங்கேதான் உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெறும் வயிற்றோடு புறப்படும் பறவைக்கு, வழியில் சோறு போடுவார் யாருமில்லை.

இரண்டாவது, பழக்கம் மாறுவது. படகிலிருந்து கொட்டப்படும் மீனுக்காகக் கடற்காகங்கள் விசைப்படகைத் தொடர்ந்து பறக்கும். மீன்பிடிப்பால் பறவைக்கு நன்மைதானே என்று சிலர் இதைக் காட்டி வாதிடுவர். ஓரளவு உண்மையே. ஆனால் அது பிச்சை. கடலின் பந்தியை அழித்துவிட்டுப் படகின் ஓரத்தில் வீசப்படும் பிச்சை. சங்காயத்துக்கு விலை வந்தபின் அந்தப் பிச்சையும் குறைந்தது. 

மூன்றாவது, வலையே கண்ணியாவது. உலகக் கடல்களில் செவுள் வலைகளில் சிக்கி ஆண்டுக்குக் குறைந்தது 4 லட்சம் பறவைகளும், நெடுந்தூண்டில்களில் மாட்டி ஆண்டுக்கு 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் குறையாத பறவைகளும் மடிவதாக அறிஞர்கள் கணித்துள்ளனர். இவற்றை யாரும் உண்ணப் பிடிக்கவில்லை, வீணே மாண்டவை. மேலே சொன்ன குருவியின் ஹதீஸ் இங்கே நெஞ்சைத் தைக்கவில்லையா?

பெரு நாட்டின் படிப்பினை

தென்னமெரிக்காவில் பெரு என்றொரு நாடு. அதன் குளிர்ந்த கடலில் நெத்திலி இனத்து மீன் மலைபோல் விளைந்தது. அதை உண்டு நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் அங்குள்ள தீவுகளில் கோடிக்கணக்கில் வாழ்ந்தன. அவற்றின் எச்சமே உலகம் விலைகொடுத்து வாங்கிய உரமாக இருந்தது. பின்னர், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருகிய கோழி, கால்நடைப் பண்ணைகளுக்காக அம்மீனைப் பொடியாக்கும் ஆலைகள் கரையெங்கும் முளைத்தன. 1970இல் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் டன் அளவுக்கு மீன் அள்ளப்பட்டது. 1972-73இல் கடல்நீர் வெப்பமடையும் எல் நினோ வந்தபோது, ஏற்கெனவே நலிந்திருந்த மீன்வளம் சரிந்து விழுந்தது. ஆலைகள் மூடின, மீனவர் வேலை இழந்தனர். பறவைகளின் எண்ணிக்கையோ அதற்கு முன்பே கோடிகளிலிருந்து சரிந்துவிட்டிருந்தது.

எல் நினோ அதற்கு முன்பும் பலமுறை வந்ததுதான். வந்தபோதெல்லாம் பறவைகள் குறைந்து, பின்னர் மீண்டும் பெருகின. இம்முறை மீண்டெழத் தேவையான மீனை மனிதன் விட்டுவைக்கவில்லை. அர்ரூம் அத்தியாயம் 41ஆம் வசனம் நம் கண்முன் நிற்கிறது. மனிதக் கரங்கள் தேடிக்கொண்டவற்றால் தரையிலும் கடலிலும் ஃபஸாத் என்னும் சீர்கேடு வெளிப்பட்டுவிட்டது என்றும், மனிதர் திரும்பிவரும் பொருட்டே அதன் விளைவில் சிறிதளவை அல்லாஹ் சுவைக்கச் செய்கிறான் என்றும் அது உணர்த்துகிறது. திரும்பிவர வாய்ப்பு இருக்கிறது என்பதே அந்த வசனத்தின் அருள்.

மூன்றில் ஒரு பங்கு

2011ஆம் ஆண்டு டிசம்பரில் உலகப் புகழ்பெற்ற ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 7 கடற்பகுதிகளில் 14 வகைக் கடற்பறவைகளைப் பற்றிய நெடுங்காலக் கணக்குகளை அறிஞர்கள் ஒப்பிட்டனர். சிறு மீன்களின் வளம் அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால், எந்தக் கடலாயினும் எந்தப் பறவையாயினும் குஞ்சு வளர்ப்பதில் தோற்றுவிடுகிறது என்று கண்டனர். ஆகவே, மூன்றில் ஒரு பங்கைப் பறவைகளுக்கு விட்டுவையுங்கள் என்பது அவர்களின் அறிவுரை.

இதைப் படித்தபோது ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. வெட்டவெளியில் நின்ற ஒருவர், மேகத்திலிருந்து ஒரு குரலைக் கேட்டார். இன்னாருடைய தோட்டத்துக்கு நீர் பாய்ச்சு என்று அது ஏவியது. மேகம் ஒதுங்கிச் சென்று பொழிந்தது. நீர் ஒரு வாய்க்காலில் திரண்டு ஓடியது. அவர் அதைத் தொடர்ந்து போய், மண்வெட்டியோடு நின்ற தோட்டக்காரரைக் கண்டு, அப்படி என்ன நற்செயல் புரிகிறீர் என்று வினவினார். விளைவதைக் கணக்கிட்டு, மூன்றில் ஒரு பங்கைத் தர்மம் செய்கிறேன். ஒரு பங்கை நானும் என் குடும்பத்தாரும் உண்கிறோம். ஒரு பங்கை நிலத்துக்கே திருப்பித் தருகிறேன் என்று அவர் விடை சொன்னார்.

பெருமக்களே! விஞ்ஞானிகளின் கணக்கும் தோட்டக்காரரின் கணக்கும் ஒன்றே என்று வலிந்து பொருத்தி மார்தட்டிக்கொள்வது நம் நோக்கமன்று. ஹதீஸின் உண்மைக்கு ஆய்வுக்கூடத்தின் சான்று தேவையில்லை. நாம் கவனிக்க வேண்டியது அந்த மனிதரின் மனப்பாங்கு. விளைச்சல் முழுவதும் சட்டப்படி அவருடையது. ஆயினும் முழுவதையும் அவர் உண்ணவில்லை. ஏழைக்குக் கொடுத்தார், நாளைய விளைச்சலுக்கும் கொடுத்தார். அதற்குத்தான் வானம் அவரைப் பெயர் சொல்லித் தேடி வந்தது. கடல் நம் தோட்டமே என்றாலும், அதில் நம் பங்கு முழுமையும் அன்று. கடலோ நம் தோட்டம் கூட இல்லை; அல்லாஹ்வின் தோட்டம். நாம் அதன் காவலாளிகள்.

ரிஸ்க் அல்லாஹ்விடம் அல்லவா?

சிலர் கேட்கலாம்: பறவைக்கு உணவளிப்பவன் அல்லாஹ், அவன் பொறுப்பில் நாம் ஏன் தலையிட வேண்டும்? அல்லாஹ்வின் மீது உண்மையான தவக்குல் வைத்தால், காலையில் ஒட்டிய வயிற்றோடு சென்று மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைக்கு அளிப்பதுபோல் நமக்கும் அளிப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக உமர் (ரலி) அறிவித்திருக்கிறார்களே (திர்மிதீ) என்றும் கேட்கலாம்.

உண்மைதான். ஆனால் அந்த ஹதீஸ் நம்மைப் பறவையைப் போலப் பேராசையின்றி இருக்கச் சொல்கிறதே தவிர, பறவையின் உணவைப் பறிக்க அனுமதி தரவில்லை. யதீமுக்கும் உணவளிப்பவன் அல்லாஹ்வே. அதற்காக யதீமின் சொத்தை உண்ணலாம் என்று யாரேனும் சொல்வார்களா? அல்லாஹ் கொடுத்ததை இடையில் மறிப்பவனே குற்றவாளி. நபித்தோழர்கள் சிலர் ஒரு பயணத்தில் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டபோது, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட கருணை நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆணையிட்டார்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) வாயிலாக அபூதாவூதில் காண்கிறோம். பறவைக்கும் நீதி வழங்கிய மார்க்கம் இது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுவோம். மீன் ஹலால். கடலின் நீர் தூய்மையானது, அதில் இறந்தது ஹலால் என்பது நபிமொழி. நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபிலும் கடற்கரையோரத்தார் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலும் மீன் உண்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மீன்தூள் தின்ற கோழியின் முட்டையும் ஹலாலே. எனவே இதைக் கேட்டுவிட்டு, முட்டை கூடாது என்று யாரும் வீட்டில் போய்ச் சண்டையிட வேண்டாம். ஹலால் என்பது வாசல். அந்த வாசலுக்குள் நுழைந்தபின் இஸ்ராஃப் என்னும் வீண்விரயம் கூடாது, பிறருக்குத் தீங்கு கூடாது என்பவை வீட்டின் ஒழுங்குகள். அல்அஅராஃப் 31ஆம் வசனம் உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே மூச்சில் விரயத்தைத் தடுக்கிறது.

கப்பலின் மேல்தளம்

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் உவமையை நாமெல்லாம் அறிவோம். ஸஹீஹ் புகாரியில் உள்ளது. கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் பயணம் செய்கின்றனர். கீழே உள்ளவர்கள் தண்ணீருக்காக மேலே வந்து தொல்லை தருவானேன் என்று தங்கள் பகுதியிலேயே துளையிட எண்ணுகிறார்கள். மேலே உள்ளவர்கள் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர்.

நம் விஷயத்தில் துளையிடுபவர் கடற்கரை மீனவர் என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்தத் துளைக்குக் கூலி கொடுப்பது யார்? சங்காயத்தை விலைகொடுத்து வாங்கும் மேட்டு நிலத்து மக்களாகிய நாம் அல்லவா? மேல்தளத்தில் அமர்ந்துகொண்டு கீழே உளியை அனுப்புகிறோம். கடலும் தெரியாது, பறவையும் தெரியாது என்பதால் குற்றமும் தெரிவதில்லை.

பாதிக்கப்படுவது பறவை மட்டுமன்று. கட்டுமரத்திலும் நாட்டுப்படகிலும் செல்லும் சிறு மீனவரின் வலைக்கு வர வேண்டிய மீனும் குஞ்சாகவே வாரப்படுகிறது. பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வாழும் தமிழ் பேசும் மீனவர்கள், போரால் நொந்து மீண்டவர்கள், இழுவைமடிகளால் தங்கள் வலைகளும் வாழ்வும் சிதைவதாக முறையிடுகின்றனர். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. பறவை பசித்திருக்கும் கடலில் ஏழை மீனவனும் பசித்திருக்கிறான். இரண்டும் ஒரே நோயின் அடையாளங்கள்.

நம் மாநிலத்திலும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது; இரட்டைமடிக்குத் தடை உண்டு; கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அல்அஅராஃப் அத்தியாயம் 163ஆம் வசனம் முதல் சொல்லப்படும் கடற்கரை ஊராரின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. தடுக்கப்பட்ட நாளில் மீன்கள் திரண்டு வர, அவர்கள் வரம்பு மீறினார்கள். அரசின் சட்டத்தையும் இறைக்கட்டளையையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் பேராசைக்குத் தந்திரம் தேடும் மனநோய் ஒன்றே. அந்த ஊரில் தடுத்துச் சொன்னவர்களும் இருந்தனர். சொல்லி என்ன பயன் என்று கேட்டவர்களும் இருந்தனர். தீமையைத் தடுத்தவர்களை அல்லாஹ் காப்பாற்றினான் என்பதே அந்த வரலாறு தரும் செய்தி.

நாம் செய்ய வேண்டியவை

பண்ணை வைத்திருக்கும் சகோதரர்களே! தீவனம் கலக்கும்போது சங்காயத்தின் இடத்தில் வேறு புரதம் வைக்க முடியுமா என்று ஆராயுங்கள். உலர்ந்த பொடி மீனில் உப்பும் மணலும் மிகுந்திருப்பதும், நோய்க்கிருமி சேர்வதும் நீங்கள் அறிந்ததே. அதனை விடுவதால் கடலுக்கு மட்டுமன்றிக் கோழிக்கும் நலம் உண்டு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் வாசலிலேயே இருக்கிறது. அங்குள்ள வல்லுநர்களிடம் ஆலோசனை கேட்பது எளிது. ஒரே நாளில் மாற்ற இயலாவிடினும், படிப்படியாகக் குறைக்க நிய்யத் வையுங்கள்.

தீவன வணிகம் செய்வோரே! நீங்கள் வாங்கும் மூட்டை எந்தக் கரையிலிருந்து, எந்த மாதத்தில், எந்த வலையில் வந்தது என்று கேளுங்கள். தடைக்காலத்தில் களவாகப் பிடித்ததைக் கைநீட்டி வாங்காதீர்கள். வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் விற்பவர் யோசிக்கத் தொடங்குவார்.

இல்லத்தரசிகளே! சந்தையில் விரல் நீளம் கூட வளராத வஞ்சிரக் குஞ்சையோ சீலாக் குஞ்சையோ மலிவென்று வாங்காதீர்கள். அது பெரிதாகியிருந்தால் பல குடும்பங்களுக்கு உணவாகியிருக்கும். வலீமா விருந்துகளில் ஆளுக்கு இரண்டாக முட்டை வைத்து, பாதியைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்துவோம். குப்பைக்குப் போகும் ஒவ்வொரு முட்டைக்கும் பின்னால் ஒரு பிடி தானியமும் ஒரு சிறங்கை மீனும் இருக்கக்கூடும்.

ஜமாஅத் பெரியவர்களே! கடல் தொலைவில் இருந்தாலும் ஏரிகள் நம் அருகில் உள்ளன. ஆலா இனத்தின் உள்நாட்டு உறவான மீசை ஆலா பனிக்காலத்தில் நம் ஏரிகளுக்கும் வருகிறது. நீர்மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து பூச்சியையும் பொடி மீனையும் கொத்திச் செல்லும் சாம்பல் நிறப் பறவை அது. சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரி, 2010இல் பொதுமக்களின் முயற்சியால் தூர்வாரப்பட்டு, நடுவே மண் திட்டுகள் அமைத்து மரம் நடப்பட்டது. இன்று அங்கே பறவைகள் தங்குகின்றன. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மம் என்று அனஸ் (ரலி) வழியாக புகாரியும் முஸ்லிமும் அறிவிக்கும் நன்மை அங்கே நட்டவர்களுக்குக் காத்திருக்கிறது. நம் ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுப்பவர் நம்மவராக இருந்தால், அறுந்த நைலான் வலைத் துண்டுகளைக் கரையிலும் நீரிலும் விட்டுவிடாமல் திரட்டி அகற்றச் சொல்லுங்கள். பறவையின் காலைச் சுற்றும் அந்த நூலைக் கண்ட இடத்தில் எடுப்பதும், பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது போன்ற ஈமானின் செயலே.

பெற்றோர்களே! டிசம்பர், ஜனவரி விடுமுறைகளில் ஒரு நாள் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். வடக்கே தொலைதூரத்திலிருந்து எந்த வரைபடமுமின்றி வந்த பறவையைக் காட்டுங்கள். அல்முல்க் அத்தியாயம் 19ஆம் வசனத்தில், தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளை அவர்கள் பார்க்கவில்லையா என்ற பொருளில் இறைவன் கேட்கிறான். அவற்றைத் தாங்கி நிற்பவன் ரஹ்மானே என்கிறான். இரவுதோறும் அந்த அத்தியாயத்தை ஓதும் நாம், பகலில் ஒரு முறையேனும் தலையை உயர்த்திப் பார்க்க வேண்டாமா?

அன்பிற்கினியவர்களே! ரஹ்மான் தாங்கும் பறவையின் இரையை நம் பேராசை பறித்தது என்ற பழி நம் ஏட்டில் எழுதப்பட வேண்டாம். நமக்கு ஒரு பங்கு. ஏழைக்கு ஒரு பங்கு. நாளைக்கும் பிற உயிர்களுக்கும் ஒரு பங்கு. இந்தக் கணக்கோடு வாழ்ந்த தோட்டக்காரரைத் தேடி மேகம் வந்தது. நம்மையும் அந்த அருள் தேடி வர வேண்டுமெனில், நம் கணக்கையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்வோம்.

யா அல்லாஹ்! நீ எங்களுக்கு வசப்படுத்தித் தந்த கடலில் வரம்பு மீறாதவர்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் தொழில்களில் பரக்கத்தையும் எங்கள் உணவில் தூய்மையையும் தந்தருள்வாயாக! கடலை நம்பி வாழும் எளிய மீனவர்களின் வறுமையைப் போக்குவாயாக! நீ படைத்த பறவைச் சமுதாயங்கள் பசியின்றி வந்து, பசியின்றித் திரும்பிச் செல்ல அருள்வாயாக! அவற்றின் தஸ்பீஹின் பொருட்டு எங்கள் மீதும் மழையை இறக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.